முத்துக்கரையில் தமிழ் கற்ற பேராசிரியர்
(தனிநாயகம் அடிகள் நினைவாக)

1950-களின் தொடக்கத்தில் ஆங்கில நூல் ஒன்று வெளிவந்தது. பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்த நூல் அது. பாரிசிலும் பிராகாவிலும் இலண்டனிலும் தமிழைக் கற்கத் தொடங்கியிருந்த அறிஞர் சிலர் அதனை ஆவலோடு பயின்றனர். அதன் முகப்பில் ஆசிரியர் பெயருக்குக் கீழே வெளியீட்டாளர் பெயர் அச்சிடப்பட்டிருந்தது: தமிழ் இலக்கியக் கழகம், தூத்துக்குடி. ஐந்திணைக் கோட்பாட்டை ஆங்கிலத்தில் அறிய விழைந்த அயல்நாட்டார் முதலில் இந்தக் கடற்கரை நகரின் பெயரைப் படித்துவிட்டே உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

அன்றைய தூத்துக்குடி உப்பளமும் பஞ்சாலையும் தோணித்துறையும் கொண்ட வணிக நகரம். அதற்குப் பல்கலைக்கழகம் இல்லை. அண்டையிலுள்ள நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியதே 1990-இல்தான். வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்கிய கல்லூரி 1951-இல் தொடங்கியது. அத்தகைய நகரிலிருந்து உலக அறிஞர் கைக்குச் செல்லும் நூலை ஓர் இலக்கியக் கழகம் வெளியிட்டது என்றால், அதன் பின்னே ஓர் ஆசிரியர் இருந்திருக்க வேண்டும். அவரே சேவியர் தனிநாயகம் அடிகள்.

1980-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் யாழ்ப்பாணத்தில் அவர் மறைந்தார். உலகத் தமிழ் மாநாடுகளின் தந்தை என்று அவரை உலகம் நினைவுகூர்கிறது. அது முற்றும் தகும். ஆயினும் மாநாட்டுப் பந்தலின் பேரொளியில் அவருடைய வாழ்வின் ஒரு பகுதி மங்கிப் போயிற்று. பேராசிரியராக உலகெங்கும் அறியப்பட்ட அவர், தமிழுக்கு மாணவரானது இந்தத் தென்பாண்டிக் கரையை ஒட்டியே. அந்த மாணவப் பருவத்தை அறியாமல் அந்தப் பேராசிரியரை அறிய இயலாது.

வடக்கன்குளத்து மாணவர்

1913 ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஊர்காவற்றுறைத் தீவின் கரம்பொன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலும், பின்பு கொழும்புக் குருமடத்திலும் பயின்றார். 1934-இல் உரோமைக்குச் சென்று, ஊர்பன் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றுக் குருப்பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். கார்த்தேசு நகரத்துத் தொன்மைக் குருக்கள் பற்றியது அவருடைய முதல் ஆய்வு. இலத்தீனும் இத்தாலியமும் பிற ஐரோப்பிய மொழிகளும் அவருக்குக் கைவந்தன. தாய்மொழி தமிழேயாயினும், கல்வி முழுவதும் ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் நிகழ்ந்தமையால் தமிழ் இலக்கியம் அவருக்கு எட்டாமலே இருந்தது.

உரோமையிலிருந்து திரும்பியவர் பணி ஏற்றது தூத்துக்குடி மறைமாவட்டத்தில். 1923-இல் அமைந்த அம்மறைமாவட்டத்தின் முதல் ஆயராக இந்தியரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை விளங்கிய காலம் அது. இளங்குரு 1940-இல் வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக அனுப்பப்பட்டார். நெல்லைச் சீமையின் தென்கோடியில், பனங்காடுகளுக்கு இடையே அமைந்த ஊர் அது. ஐரோப்பியத் தலைநகரங்களைக் கண்டு வந்த ஒருவருக்கு அது ஒதுக்கிடமாகத் தோன்றியிருக்கலாம். அவருக்கோ அது பள்ளியாயிற்று.

அங்கே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் தமிழாசிரியர் இருந்தார். பதவியால் உயர்ந்த துணைத் தலைமையாசிரியர், தம் பள்ளித் தமிழாசிரியரிடம் மாணவராக அமர்ந்தார். இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பாடங் கேட்டார். உரோமையில் முனைவரான கிறித்தவக் குரு ஒருவர், கிராமத்துப் பண்டிதராகிய ஐயர் ஒருவரிடம் ஏடு பிரித்துப் படித்த அந்த ஐந்தாண்டுகளே பின்னர் நிகழ்ந்த அனைத்துக்கும் வித்து. அறிவு எங்கே உள்ளதோ அங்கே சென்று பணிவோடு பெறுதல் என்னும் பண்பு அவரிடம் அன்று வேரூன்றியது. மதமும் சாதியும் பட்டமும் அந்த வகுப்பறையின் வாயிலுக்கு வெளியே நின்றன.

தம் மூதாதையர் ஒருவரின் பெயரிலிருந்து 'தனிநாயகம்' என்பதை எடுத்துத் தம் பெயராக்கிக்கொண்டதும் இந்தத் தமிழ்க் கல்வியின் தொடர்ச்சியே. சேவியர் நிக்கொலாஸ் ஸ்தனிஸ்லாஸ் என்று பதிவேடுகளில் இருந்தவர், தனிநாயகம் அடிகள் ஆனார்.

நெய்தற்கரையிலிருந்து ஐந்திணைக்கு

வடக்கன்குளத்துக் கல்வி அவரைச் சிதம்பரத்துக்கு அனுப்பியது. 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. தம்மினும் பத்து வயது இளையவர்களோடு ஒரே வரிசையில் அமர்ந்தார். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார், அ.சிதம்பரநாதச் செட்டியார் போன்ற பேரறிஞர்கள் தமிழ்த்துறையை அணிசெய்த காலம் அது. முதுகலைக்குப் பின் எம்.லிட். பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சங்க இலக்கியத்தில் இயற்கை.

தீவில் பிறந்தவர், முத்துக்கரையில் பணியாற்றியவர், நெய்தலைப் படிக்கும்போது அது ஏட்டுச் செய்தியாக மட்டும் இருந்திருக்க முடியாது. தாழையும் புன்னையும், திமிலும் வலையும், உப்பு வண்டியும், பொழுது சாயும் வேளையில் கடல் நோக்கி நிற்கும் பெண்ணும் இக்கரையில் அன்றாடக் காட்சிகள். நெய்தலுக்குரிய மரமாகிய புன்னை, தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலுள்ள புன்னைக்காயலின் பெயரிலேயே இன்றும் நிற்கிறது. பாட்டுகளில் முத்தால் புகழ்பெற்ற கொற்கை அங்கிருந்து சிறிது உள்நாட்டில், கடல் பின்வாங்கிவிட்ட சிற்றூராக உள்ளது. பரதவர் என்னும் சொல் சங்கப் பாட்டிலும் உண்டு, கடற்கரைத் தெருவிலும் உண்டு.

அடிகளாரின் ஆய்வு இந்த இயற்கைக் காட்சிகளைப் பட்டியலிடுவதோடு நிற்கவில்லை. கிரேக்க, இலத்தீன், வடமொழிக் கவிதைகளோடு தமிழ்க் கவிதையை ஒப்பிட்டு, தமிழின் தனித்தன்மை எது என்று வினவியது. இயற்கையைத் தனியே நின்று வருணிப்பது சங்கப் புலவரின் நோக்கம் அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருளாக, மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருளாக, மனித உள்ளத்து உணர்வு உரிப்பொருளாக இம்மூன்றும் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடப்பதே அக்கவிதையின் இயல்பு. மனிதனின் உணர்வுக்கு இயற்கை பின்புலமாகவும் துணையாகவும் நிற்கிறது. அயல்நாட்டு அறிஞருக்கு இக்கருத்தை அவர்கள் அறிந்த இலக்கியங்களின் துணைகொண்டே விளக்கினார் அடிகளார். வெர்ஜிலைப் படித்தவருக்குக் கபிலரை அறிமுகம் செய்ய, வெர்ஜிலையும் கபிலரையும் மூலத்தில் படித்த ஒருவர் தேவைப்பட்டார். உரோமையும் வடக்கன்குளமும் அந்த ஒருவரிடம் சந்தித்தன.

துறைமுக நகரில் ஒரு கழகம்

அடிகளார் 1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். இந்த நகருக்கு அத்தகைய மரபு முன்பே இருந்தது. கப்பலோட்டிய சிதம்பரனார், சிறையும் வறுமையும் கண்ட பின்னும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் ஈடுபட்டவர்; தம் இறுதி ஆண்டுகளைத் தூத்துக்குடியில் கழித்து 1936-இல் மறைந்தவர். பல்கலைக்கழகம் இல்லாத ஊரில் தனியாள் ஒருவரின் ஆர்வமே பல்கலைக்கழகமாக நின்ற வரலாறு அது. அடிகளார் அந்த ஆர்வத்துக்கு ஒரு நிறுவன வடிவம் தந்தார்.

கழகத்தின் நோக்கம் எளியது, அதனாலேயே அரியது. தமிழைப் பற்றித் தமிழர் தமிழருக்குச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடாமல், தமிழ் அறியாதாருக்கும் சான்றுகளோடு எடுத்துரைக்க வேண்டும். அதற்குரிய நூல்கள் வெளிவர வேண்டும். இதுவே குறிக்கோள். 1949-இலிருந்து மலாயா, சப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என அடிகளார் மேற்கொண்ட சொற்பொழிவுப் பயணங்கள் அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தின. இந்தியா என்றால் வடமொழி என்றே பல பல்கலைக்கழகங்கள் எண்ணியிருந்தன. தமிழ் இலக்கியத்தின் பெயரையே கேளாத பேராசிரியர்கள் இருந்தனர். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை என்று அவர் கண்டார். அவர்கள் படிக்கத்தக்க நூலும் இதழும் இல்லாதபோது அவர்கள் எவ்வாறு அறிவர்?

அந்தக் குறையை நீக்க 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். 1966 வரை வெளிவந்த அவ்விதழ், தமிழகத்து அறிஞரையும் ஈழத்து அறிஞரையும் மேலைநாட்டு அறிஞரையும் ஒரே மேடையில் அமர்த்தியது. அவ்வாண்டிலேயே வெளிவந்த 'தமிழ்த்தூது', அவருடைய பயண அனுபவத்தைத் தமிழருக்கே தமிழில் எடுத்துச் சொன்னது. அயலாருக்குத் தமிழின் பெருமையைச் சொன்னவர், தமிழருக்கு அயலாரின் பெருமையையும் சொன்னார். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்வோர் பலர். இரண்டையும் செய்வோர் சிலர்.

லிசுபனில் கிடைத்த முத்துக்கரை

1952-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் விரிவுரையாளரான அடிகளார், 1954-இல் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் தேடினார். அந்தத் தேடலின் பயன்தான் தூத்துக்குடிக் கரைக்கு அவர் அளித்த மிகப்பெரிய கொடை.

அதன் அருமையை உணர நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். போர்த்துக்கல் நாட்டில் 1520-இல் பிறந்த அன்றீக்கே அன்றீக்கசு என்னும் இயேசு சபைத் துறவி, 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பரதவரோடு வாழ்ந்து, அவர்கள் வாயிலிருந்தே தமிழைக் கற்று, மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி அவர்களோடு பேசலானார். தாம் கற்றதை ஓர் இலக்கணமாகப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அது. பின்னர் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல் அச்சேறியது. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் முதலாவது அதுவே. பதினாறே பக்கம் கொண்ட அந்நூலை அடுத்து 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586-இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்களில் அச்சாயிற்று. அது அச்சான இடம் புன்னைக்காயல் என்பது அறிஞர் துணிபு. இந்த அச்சுப் பணிக்குப் பொருள் கொடுத்தோர் முத்துக்குளித்துறைப் பரதவர். அன்றீக்கசு 1600-இல் புன்னைக்காயலில் மறைந்து, தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பெற்றார்.

கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்களின் உழைப்பு தமிழ் அச்செழுத்தாயிற்று. ஆயினும் காலப்போக்கில் அந்நூல்கள் இக்கரையிலேயே மறைந்துபோயின. ஒன்று வத்திக்கானிலும் ஒன்று பாரிசிலும் ஒன்று அமெரிக்காவின் ஆர்வர்டிலுமாகப் பிரதிகள் சிதறிக் கிடந்தன. தம் முன்னோர் பொருள் கொடுத்து உருவாக்கிய நூல்களின் பெயரையும் கரைமக்கள் அறியாதிருந்தனர்.

அடிகளார் 1954-இல் லிசுபன் தேசிய நூலகத்தில் அன்றீக்கசின் இலக்கணக் கையெழுத்துப் படியைக் கண்டார். வத்திக்கான் நூலகத்தில் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்த்துக்கேய அகராதியைக் கண்டார். 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட அகராதி அது. லிசுபனை அடுத்த பெலெம் அருங்காட்சியகத்தில் இருந்த மற்றொரு நூலைப் பற்றியும் எழுதினார். 1554-இல் லிசுபனில் அச்சான அந்நூல், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் தந்தது. அதை ஆக்கியோர் அங்கு வாழ்ந்த தமிழர் மூவர். தமிழ் முதன்முதலாக அச்சேறிய வரலாற்றை இக்கண்டுபிடிப்புகளோடு அவர் 'தமிழ் கல்ச்சர்' இதழில் எடுத்துரைத்தார்.

இங்கே ஒரு பொருத்தம் நெஞ்சைத் தொடுகிறது. அன்றீக்கசு முத்துக்கரைக்கு வந்தபோது அவருக்கு ஏறத்தாழ இருபத்தேழு வயது. வடக்கன்குளத்துக்கு வந்தபோது தனிநாயகம் அடிகளுக்கும் அவ்வயதே. இருவரும் குருக்கள், இருவரும் கடல்கடந்து வந்தோர், இருவரும் இளமை கடக்கும் வேளையில் இத்தென்கரைப் பகுதியில் தமிழ் மாணவரானோர். நானூறு ஆண்டு இடைவெளியில், பின்னவர் முன்னவரின் ஏட்டை லிசுபனில் திறந்தார். வேறு எவரும் அதைக் கண்டெடுத்திருக்கலாம். ஆயினும் இக்கரையின் மணலும் பேச்சும் அறிந்த ஒருவருக்கே அந்த ஏட்டின் ஒவ்வொரு சொல்லும் பழகிய குரலாகக் கேட்டிருக்கும்.

கண்டெடுத்ததோடு பணி முடியவில்லை. தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் அந்நூல்களை மீண்டும் வெளியிட்டது. இயேசு சபை அறிஞர் ச.இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்துத் தர, 1963-இல் தம்பிரான் வணக்கமும் கிரிசித்தியானி வணக்கமும், 1967-இல் அடியார் வரலாறும் வெளிவந்தன. புன்னைக்காயலிலிருந்து சென்ற நூல், ஏறத்தாழ முந்நூற்று எண்பது ஆண்டுகள் கழித்துத் தூத்துக்குடிக்குத் திரும்பியது. புள்ளியில்லா எழுத்தும், குறில் நெடில் வேறுபாடு தோன்றாத எகர ஒகரங்களும், போர்த்துக்கேயச் சொற்கள் விரவிய உரைநடையும், பதினாறாம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழை இன்று காட்டுகின்றன. புலவர் செய்யுளில் இடம்பெறாத மீனவர் பேச்சின் சாயல் அதில் உண்டு. உரைநடையின் தொடக்கத்தைத் தேடுவோர் கடக்க முடியாத நூல் அது.

கோலாலம்பூர் வகுப்பறை

இலண்டன் பல்கலைக்கழகத்தில் அடிகளார் பெற்ற இரண்டாம் முனைவர் பட்டம், பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றியது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர், தமிழர் கற்பித்தலைப் பற்றி என்ன எண்ணினர் என்று ஆராய்ந்தார். பாணரும் புலவரும் சான்றோரும் எவ்வாறு மக்களுக்கு ஆசிரியராயினர் என்பது அவ்வாய்வின் உள்ளீடு.

1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்த பின் இலங்கையில் தமிழரின் நிலை இடர்ப்பட்டது. தமிழின் உரிமைக்காகத் தயங்காது பேசியவர்களுள் அடிகளாரும் ஒருவர். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று, கோலாலம்பூரில் இந்தியவியல் துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1969 வரை அங்கே பணியாற்றி, கலைப்புலத் தலைவராகவும் விளங்கினார். தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மொழியாக மட்டும் அந்நாட்டில் எண்ணப்பட்டு வந்த தமிழ், உலக அறிஞர் கூடி ஆராயும் மொழியாக அதே நாட்டின் பல்கலைக்கழகத்தில் தலைநிமிர்ந்தது.

1964 சனவரியில் புதுதில்லியில் கூடிய கீழைத்தேயவியல் அறிஞர் மாநாட்டின்போது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாயிற்று. வ.அய்.சுப்பிரமணியம் அவருக்கு உற்ற துணையாக நின்றார். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளராயினர். பர்ரோ, எமனோ, கைப்பர் போன்றோர் அதில் பங்குகொண்டனர். தமிழுக்காகத் தமிழர் மட்டுமே கூடும் சங்கமாக அதை அவர் அமைக்கவில்லை என்பது கருதத்தக்கது.

1966-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் விளைச்சல் ஆண்டு. ஏப்பிரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் இரகுமான் அதனைத் தொடங்கிவைத்தார். அவ்வாண்டிலேயே புரோயென்சாவின் அகராதி மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே நிழற்படப் பதிப்பாக வெளிவந்தது. தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டி நூலும் வெளிவந்தது. தூத்துக்குடியில் முதலில் அச்சான இயற்கை ஆய்வும் 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்று பொருள்படும் புதிய பெயரோடு பம்பாயிலிருந்து மறுபதிப்பாயிற்று.

இவற்றுள் மாநாட்டை அனைவரும் அறிவர். வழிகாட்டி நூலை அறிந்தோர் குறைவு. ஆனால் ஆசிரியரின் இயல்பை அந்த எளிய நூலே நன்கு காட்டுகிறது. தம் கருத்தைச் சொல்லும் நூல் அன்று அது. எந்தப் பொருளுக்கு எந்த நூலைத் தேடவேண்டும் என்று முகம் அறியாத மாணவருக்குச் சொல்லும் நூல். தாம் முப்பது வயதுக்கு மேல் வழிதேடி அலைந்தவர் என்பதால், பின்வருவோர் அவ்வாறு அலையக்கூடாது என்று எண்ணியிருப்பார் போலும்.

இறுதி ஆண்டுகள்

மன்றத்தின் இரண்டாம் மாநாடு 1968-இல் சென்னையில், அறிஞர் அண்ணா முதல்வராயிருந்தபோது, பெருந்திருவிழாவாக நடந்தது. மூன்றாவது 1970-இல் பாரிசில் அறிஞர் அவையாக அமைந்தது. நான்காவது மாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் கூடியது. அடிகளாரின் சொந்த மண்ணில் நிகழ்ந்த அம்மாநாட்டின் இறுதியில், சனவரி 10-ஆம் நாள் பொதுக்கூட்டத்தில் காவல்துறை புகுந்ததால் எழுந்த குழப்பத்தில் உயிர்கள் பலியாயின. தமிழ் ஆராய்ச்சிக்காக உலகைக் கூட்டிய முதியவருக்கு அதைவிடக் கொடிய காட்சி இருந்திருக்க முடியாது.

ஆயினும் அவர் ஆராய்ச்சியை விட்டு வசைக்குச் செல்லவில்லை. 1980-இல் தந்தை செல்வா நினைவுப் பேருரை ஆற்ற அழைக்கப்பட்டபோதும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் தமிழியல் ஆராய்ச்சியே: இதுவரை நடந்தது என்ன, இனி நடக்கவேண்டியது என்ன. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். 1981 சனவரியில் ஐந்தாம் மாநாடு மதுரையில் கூடியபோது, மாநாடுகளைத் தொடங்கியவர் அவையில் இல்லை. அதே ஆண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏடு தேடி உலகெங்கும் அலைந்தவர், சொந்த ஊரின் நூலகம் எரிந்ததைக் காண உயிரோடு இல்லை.

எஞ்சி நிற்பது

அவருக்குப் பின் மாநாடுகள் தொடர்ந்தன. 1995-இல் தஞ்சையிலும், 2015-இல் மீண்டும் கோலாலம்பூரிலும், 2019-இல் சிகாகோவிலும் கூடின. அலங்கார ஊர்திகளும் தோரண வாயில்களும் மிகுந்த அளவுக்கு ஆராய்ச்சி மிகுந்ததா என்னும் வினா அறிஞரிடையே எழாமல் இல்லை. கூட்டம் கூடுவது எளிது. கூடிய பின் ஒரு நூலையாவது புதிதாகப் பதிப்பிப்பது அரிது. மற்றொரு குறையையும் மறைக்க வேண்டியதில்லை. அடிகளாரின் தலையாய நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தன. உலகுக்குத் தமிழைச் சொல்ல அது இன்றியமையாததாயிற்று. ஆனால் நெய்தல் பற்றி அவர் எழுதியதை நெய்தற்கரைக் கவிஞர் பலர் நெடுங்காலம் படிக்க இயலாமல் போனது. நூலின் முகப்பில் தூத்துக்குடி இருந்தது; தூத்துக்குடியின் கவிஞர் கையில் நூல் இல்லை. இக்குறை ஆசிரியருடையது மட்டும் அன்று. அதைப் படிக்கவும் பெயர்க்கவும் பின்வந்தோர் காட்டிய தாமதமும் அதில் அடங்கும்.

அதே வேளையில், அவர் இட்ட வித்துகள் அவர் எண்ணிய காலத்திலும் எண்ணாத இடத்திலும் முளைத்தன. லிசுபனில் அவர் கண்ட அன்றீக்கசின் இலக்கணம் 1982-இல் செருமானிய அறிஞர் வெர்மீரால் பதிப்பிக்கப்பட்டது. 2013-இல் சீன் ஐன், வி.எசு.ராசம் ஆகிய பெண்மணிகள் இருவரின் உழைப்பால் ஆர்வர்டு வரிசையில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. 2013 அடிகளாரின் நூற்றாண்டு. புன்னைக்காயல் மீனவரிடம் கேட்டு எழுதப்பட்ட தமிழ், உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று.

இக்கரையில் இயற்கை முத்துக்குளிப்பு இப்போது இல்லை. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் இறுதியாகச் சலாபம் நடந்தது 1961-இல். அதன் பின் படுகைகள் வறண்டன. மூழ்கிய தலைமுறையும் மறைந்து வருகிறது. அந்தத் தொழிலில் ஒரு முறை இருந்தது. கல்லைக் காலில் பிணைத்துக் கடலுள் இறங்குபவர் ஒருவர். தோணியில் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பவர் மற்றொருவர். மூழ்குபவரின் மூச்சு கயிறு பிடிப்பவரின் கவனத்தில் இருந்தது. கயிற்றின் அசைவை அறிந்து உரிய நொடியில் இழுக்காவிட்டால் முத்தும் இல்லை, மூழ்கியவரும் இல்லை. முத்தைப் பாடிய புலவர் பலர். கயிறு பிடித்தவரைப் பாடியவர் அரியர்.

தனிநாயகம் அடிகள் இரண்டு பணியையும் செய்தவர். லிசுபனிலும் வத்திக்கானிலும் தாமே மூழ்கினார். இராசமாணிக்கம் அடிகள் போன்றோர் மூழ்கியபோது, கழகமும் இதழும் மன்றமுமாகக் கயிறு பிடித்து நின்றார். அவருக்கு அந்தக் கயிற்றை முதலில் பிடித்தவர் வடக்கன்குளத்துப் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர். அந்தப் பெயர் எந்த மாநாட்டுத் தோரணத்திலும் இடம்பெறவில்லை.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டம் ஒன்றுக்கு இந்த வரலாறு கூறுவது ஒன்றே. சிறிய நகரின் சிறிய கழகம் பெரிய பல்கலைக்கழகம் செய்யாததைச் செய்யக்கூடும். அதற்கு வேண்டியவை மூன்று: வயதும் பட்டமும் பாராது மாணவராக அமரும் மனம், தொலைந்த ஏட்டைத் தேடும் பொறுமை, கண்டதைத் தாமே வைத்துக்கொள்ளாமல் அச்சிட்டுப் பிறர் கையில் கொடுக்கும் கைம்மை அறியாத ஈகை. 1948-இல் தூத்துக்குடியில் அவை இருந்தன. கடற்கரைச் சிற்றூர்களில் இன்னும் பதிவாகாத பாடல்களும் சொற்களும் கடல் பற்றிய அறிவும் உள்ளன. மூழ்குவதற்கு ஆட்கள் இருப்பின், கயிறு பிடிக்க ஒரு வட்டம் வேண்டும். அந்தப் பேராசிரியருக்குச் செலுத்தத்தக்க நினைவுக் கடன் அதுவே.